இருபது புள்ளி ஒன்பது

காற்றை நம்பாமல் இருப்பதுதான் கமாலுதீனின் தொழில். பட்டர்வொர்த் பக்கம் துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களிலும், அங்குள்ள பாமாயில் டேங்குகளிலும் ஆட்கள் இறங்குவதற்கு முன்னால், உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. மூடிக்கிடக்கும் இரும்பு டேங்கில் துருவே ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். பார்வைக்கு வெறும் காலி அறை. இறங்கினால் பத்தாவது படியில் ஆள் சுருண்டு விழுவான். மீட்டரில் ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பது சதவீதம் காட்டினால் நல்ல காற்று. பத்தொன்பதரைக்குக் கீழே போனால் மீட்டர் கத்தும். கத்திவிட்டால் எவனும் உள்ளே போகக் கூடாது. பெரிய விசிறியைக் கொண்டு வந்து வைத்துக் காற்று அடித்து, மறுபடி பார்த்து, கமாலுதீன் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் ஆள் ஏணியில் கால் வைப்பான்.

அதோடு முடியவில்லை. இறங்குகிற ஒவ்வொருவனும் தன் பெயர் பொறித்த அலுமினிய வில்லையை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மேலே வந்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் ஒரு வில்லை மிச்சம் இருக்கும்வரை கமாலுதீன் அந்த டேங்கின் வாயை விட்டு நகரமாட்டார். மழை கொட்டினாலும் சரி, மேனேஜரே வந்து கூப்பிட்டாலும் சரி. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வில்லைகூட அவர் கையில் தங்கியதில்லை. இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வரட்டும். அவருக்கு அது கட்டுப்படியாகும்.

அப்படிப்பட்ட மனிதர் சொந்த வீட்டில், சொந்த மனைவியின் குதிகாலுக்கு முன்னால், தலையும் புரியாமல் வாலும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்.

வீடு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில். கீழே மளிகை மொத்த வியாபாரம், மேலே கமாலுதீனும் சலேஹாவும். பிள்ளைகள் இல்லை, அவருக்கு அவள், அவளுக்கு அவர். சலேஹா, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங் தைப்பவள். ஜன்னலோரம் மோட்டார் மிஷின், அதன் கீழே பெடல், பெடலின் மேல் எந்நேரமும் அவளுடைய வலது கால். யார் துணி கொண்டு வந்தாலும் முதல் வேலையாக விரலகல வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் அவர்கள் பெயரைத் தைத்து, மூட்டையில் குத்தி வைப்பாள். ஹரி ராயா பெருநாள் சமயத்தில் எண்பது மூட்டை சேர்ந்தாலும் ஒருத்தி துணி இன்னொருத்தியிடம் போனதில்லை. கணவனும் மனைவியும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி.

அந்த வலது குதிகாலில்தான் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. முதலில் பச்சைப்பயறு அளவு. பெடலை அழுத்தி அழுத்தி ரத்தம் கட்டியிருக்கிறது என்றாள் சலேஹா. அவரும் ஆமாம் என்றார். குதிகாலை யார் தினமும் திருப்பிப் பார்க்கிறார்கள்? ஒரு வருடத்தில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குப் பரவி, நடுவில் மேடு தட்டி, ஒருநாள் பெடலின் மேல் ரத்தம் வழிந்தது. வலி பெரிதாக இல்லை. ஆனால் ரத்தம் நிற்க மறுத்தது. பஞ்சை எடுத்தால் மறுபடி கசிந்தது.

கிளினிக் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் அதிரா என்ற இளம் சர்ஜன் இருவரையும் எதிரே உட்காரவைத்துத் தமிழிலேயே சொன்னாள். இதன் பெயர் மெலனோமா. தோலில் வரும் புற்றுநோய், அதிலும் பொல்லாத வகை. நம் ஆட்களுக்கு இது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வருவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். இடுப்பு மடிப்பில் ஒரு நெறிக்கட்டியையும் எடுத்து, நோய் அதுவரை நடந்து போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில், புதன்கிழமை.

சலேஹா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அப்புறம் பெடல் மிதிக்க முடியுமா? முடியும், கொஞ்ச நாள் ஆகும் என்றாள் டாக்டர்.

கமாலுதீனின் கேள்வி வேறு. இத்தனூண்டு கட்டிக்கு எங்கிருந்து டாக்டர் இவ்வளவு ரத்தம் வருகிறது என்று கேட்டார்.

டாக்டர் அதிரா ஃபாரம் நிரப்பிக்கொண்டே பதில் சொன்னாள். "கட்டி வேகமா வளருது இல்ல, அங்கிள். உள்ள ஆக்சிஜன் பத்தாம போகும். உடனே சிக்னல் அனுப்பி புது ரத்தக் குழாய்ங்கள தன் பக்கம் இழுத்துக்கும். பொதுவா கட்டிங்க அப்படித்தான்."

அதற்குள் அவளுடைய ஃபோன் அடித்தது, வாசலில் அடுத்த நோயாளி எட்டிப் பார்த்தார், இவர்கள் எழுந்துகொண்டார்கள். 'பொதுவா' என்ற சொல்லை கமாலுதீன் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஆக்சிஜன் பத்தவில்லை என்பதை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்தார்.

மறுநாள் காலை ஃபெரியில் பட்டர்வொர்த் போகும்போது அது அவர் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. ஆக்சிஜன் பத்தவில்லை, அதனால் கத்துகிறது. இது அவருக்குத் தெரிந்த பாடமாயிற்றே! மீட்டர் கத்தும்போது டேங்குக்குள் யாராவது கத்தியும் கையுமாக இறங்குவார்களா? முதலில் காற்று, பிறகுதான் வேலை. மூச்சு முட்டுகிற ஒன்றின் மேல் கத்தியை வைத்தால் அது சும்மா இருக்குமா? எட்டிய இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளாதா? நல்ல காற்றைக் கொடுத்து முதலில் அதை அமைதியாக்கிவிட்டு, அப்புறம் வெட்டினால் ஒழுங்காக வெட்டுப்படும். ஃபெரி கரை சேர்வதற்குள் டாக்டர்களுக்கே தோன்றாத ஒன்று தனக்குத் தோன்றிவிட்டதாக அவர் நம்பிவிட்டார். பாதி தெரிந்தவனுக்குத்தான் இந்தத் தைரியம் வரும். ஒன்றுமே தெரியாதவன் பேசாமல் புதன்கிழமை அழைத்துக்கொண்டு போயிருப்பான்.

அன்று மதியம் அவர் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, வீட்டில் ஒரு விசேஷம், தேதியை ஒரு மாதம் தள்ளிக் கொடுங்கள் என்று கேட்டார். எதிர்முனையில் இருந்த பெண், டாக்டர் தாமதிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாரே என்றாள். அவர் விடவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்து சலேஹாவிடம், ஆஸ்பத்திரியில் இடமில்லையாம், அவர்களே ஒரு மாதம் தள்ளிவிட்டார்கள் என்றார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பொய்த் தாளில் கையெழுத்துப் போடாத மனிதர், மனைவி முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றிக்கொண்டே அதைச் சொல்லி முடித்தார். சலேஹா சரி என்றாள்.

பிறகு ஆரம்பித்தது காற்று அடிக்கும் வேலை. ஜன்னல் திரைகளைக் கழற்றினார். எதிர்வீட்டு ஆட்கள் பார்க்கிறார்கள் என்று சலேஹா சொன்னபோது, பார்த்தால் பார்க்கட்டும், காற்று வரட்டும் என்றார். மூன்று விசிறிகள் வந்தன. தெரிந்த ஒரு வீட்டில் சும்மா கிடந்த ஆக்சிஜன் மிஷின் வந்தது. அதன் குழாயைச் சலேஹாவின் மூக்கில் மாட்டி, மேலே தூடோங் முக்காட்டைச் சரிசெய்து, இப்படியே உட்கார்ந்து தை என்றார். அது போட்ட இரைச்சலில் தையல் மிஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. விசிறி அடித்த காற்றில் துணித் துண்டுகள் வீடெங்கும் பறந்தன. பெயர்த் துணிகளைப் பிடிப்பதற்கே அவளுக்கு நேரம் போதவில்லை. விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி எஸ்பிளனேடுக்குக் கொண்டு போய், கடற்கரைச் சுவரில் உட்காரவைத்து, காலை நீட்டு, கடல் காற்று படட்டும் என்பார். உடற்பயிற்சிக்கு வந்த சீனக் கிழவர்கள் கட்டுப் போட்ட குதிகாலைக் கடலுக்குக் காட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பெண்மணியைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

எல்லாவற்றையும் அவள் செய்தாள். ஏன் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. அதுவே அவருக்கு லேசான குழப்பமாக இருந்தது. சலேஹா எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறவள்.

நிஜமான குழப்பம் மீட்டரிலிருந்து வந்தது. ஒரு சனிக்கிழமை வேலை மீட்டரை வீட்டுக்குக் கொண்டு வந்து, கட்டைப் பிரித்து, குதிகாலருகே பிடித்தார். இருபது புள்ளி ஒன்பது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கி அவள் கைவிரலில் மாட்டினார். தொண்ணூற்றெட்டு. கால்விரலில் மாட்டினார். தொண்ணூற்றொன்பது. ஒரு நோட்டில் காலை, மதியம், சாயந்திரம் என்று எழுதிக்கொண்டே வந்தார். எல்லா எண்களும் தங்கமான எண்கள். எந்த டேங்கிலாவது இப்படி எண்கள் வந்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

ஆனால் கட்டி நாளுக்கு நாள் மேடாகிக்கொண்டிருந்தது. ரத்தம் முன்னைவிட அதிகமாக வந்தது. சுற்றிலும் மெல்லிய சிவப்பு இழைகள் ஓடுவதுபோல அவருக்குப் பட்டது. அது இருப்பதோ உடம்பின் வெளிப்புறத்தில், திறந்த காற்றில், ரத்தம் நன்றாக ஓடும் சதையில். அதற்கு எங்கே மூச்சு முட்டுகிறது? மீட்டர் பொய்யா? டாக்டர் சொன்னது பொய்யா? இன்னும் காற்று வேண்டுமா, இல்லை காற்றே தப்பா? அவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. வேலையிடத்தில் கையெழுத்துப் போடும்போது கை தயங்கியது. ஒருநாள் நல்ல காற்று இருந்த டேங்கை மூன்று முறை சோதித்து, காத்திருந்த ஆட்களை முணுமுணுக்க வைத்தார். அவர் பயந்துபோயிருந்தார். எதைப் பார்த்துப் பயம் என்று மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெட்ட வேண்டிய புதன்கிழமை போய்ப் பதினைந்து நாள் ஆனபோது ஷாஹிராவுக்கு ஃபோன் செய்தார். ஷாஹிரா அவருடைய தங்கை மகள். பல்கலைக்கழக லேபில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து ஆராய்ச்சி செய்கிறவள். அவளிடம் முன்பே கேட்டிருக்கலாமே என்றால், கேட்டிருக்கலாம்தான். தனக்குத் தெரியும் என்று நினைப்பவன் யாரிடம் கேட்பான்?

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்கு அருகிலிருந்த நாசி கண்டார் சோற்றுக்கடையில் சந்தித்தார்கள். அவர் நோட்டை மேசையில் விரித்தார். ஷாஹிரா ஒரு கையில் சோறு பிசைந்துகொண்டே பக்கம் பக்கமாகப் பார்த்தாள். நம்பர் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது மாமா, இதில் என்ன என்றாள்.

அதுதான் என்றார் கமாலுதீன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால்தானே கட்டி ரத்தக் குழாயைக் கூப்பிடும்? இங்கே குறையவே இல்லை. பிறகு ஏன் கூப்பிடுகிறது?

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "நல்ல செல்லுல ஒரு புரோட்டீன் உண்டு, மாமா. ஆக்சிஜன் இருந்தா செல்லு அத உடனுக்குடனே உடைச்சுப் போட்டுடும். ஆக்சிஜன் கொறைஞ்சாத்தான் அது உடையாம நிக்கும். நின்னாத்தான் ரத்தக் குழாயக் கூப்பிடும்."

"நம்ம மீட்டர் மாதிரி."

"ஆமாலா, மீட்டர் மாதிரிதான். ரொம்பக் கட்டிங்களும் அப்படித்தான். ஆனா மெலனோமா அப்படி இல்ல. ஆக்சிஜன் தாராளமா இருக்கறப்பவே அந்த புரோட்டீன் உடையாம நிக்குது. எங்க லேப்ல சாதா காத்துலதான் வச்சிருக்கோம். அப்பவும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு."

 சென்சார் கெட்டுப்போயிருக்கிறதா என்று கமாலுதீன் கேட்டார். அப்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது என்றாள் அவள். செல்லுக்குள் வளரு வளரு என்று சொல்லும் வேறு ஒயர்கள் எப்போதும் மின்சாரத்தோடு இருக்கின்றன. அவை போய் ரத்தக் குழாயைக் கூப்பிடும் இந்த ஹார்னைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. காற்று இல்லாவிட்டாலும் அது அடிக்கும், இருந்தாலும் அடிக்கும். எல்லா ஒயரையும் இன்னும் யாரும் கண்டுபிடித்து முடிக்கவில்லை. தன் லேபும் அதில் இரண்டைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

"யாருக்கும் மூச்சு முட்டலன்னா அப்ப யாரு கத்துறா?" என்று கேட்டார் அவர். அது அவளைக் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை.

பக்கத்து மேசையில் ஒருவர் தட்டில் சோறு தெரியாத அளவுக்குக் குழம்பு மிதந்தது. அவர் தலையை நிமிர்த்தி, இன்னும் குவா ஊற்று என்று கடைக்காரரைக் கூப்பிட்டார். கடைக்காரரும் வந்து ஊற்றினார். அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார் கமாலுதீன். இத்தனை நாள் அவர் சோதித்தது குழம்புச் சட்டியை, கூப்பிடுகிற ஆளை அல்ல.

"அப்ப நான் காத்து குடுத்தா?"

"ஒன்னும் ஆகாது, மாமா. அது காத்துக்காகக் கத்தல." ஷாஹிரா நோட்டை மூடினாள். பிறகுதான் தோன்றியதுபோல் கேட்டாள்: "மாமிக்கு ஆப்பரேஷன் எப்ப ஆச்சு?"

இன்னும் ஆகவில்லை என்றார். ஆஸ்பத்திரி தள்ளிப்போட்டதா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "நான்தான் தள்ளுனேன். காத்து சரியாகட்டும்னு."

ஷாஹிரா கோபப்படவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாள். சோறு பாதிக்கு மேல் இருந்தது. "மாமா, அது சும்மா உக்காந்துகிட்டு இல்ல. வளர்ந்துகிட்டு இருக்கு," என்றாள்.

கடையிலிருந்து வீடு ஐந்து நிமிட நடை. கமாலுதீனுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. சந்து முனையில் இரண்டு முறை திரும்பிப் போனார். இதுவரை அவர் பார்த்த ஆபத்துக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. காரணத்தை நீக்கினால் ஆபத்து நீங்கியது. குறையே இல்லாத இடத்திலிருந்து வரும் கூச்சலை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. தன் கையால் சலேஹாவை அந்தக் கட்டியோடு இரண்டு வாரம் கூடுதலாக அடைத்து வைத்திருக்கிறார். வெளியே நின்று விசிறி வேறு போட்டிருக்கிறார். 

மாடியேறியபோது மூக்கில் குழாயோடு சலேஹா ஒரு சட்டைக் கைக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் முதலில் மிஷினை நிறுத்தினார். பிறகு விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். வீடு திடீரென்று அமைதியானது. அவள் எதிரே தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். தேதியை ஆஸ்பத்திரி தள்ளவில்லை, நான் தள்ளினேன். காற்று குறைந்ததால் கட்டி ரத்தம் இழுக்கிறது என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். அவர் சொல்லச் சொல்ல அவள் லேஸில் குத்தியிருந்த ஊசிகளை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் சலேஹா.

அவருக்குப் புரியவில்லை.

"நீங்க ஃபோன் பண்ண மறுநாளே அந்த ஆஸ்பத்திரிப் புள்ள எனக்கு ஃபோன் அடிச்சா. அங்கிள் தேதிய மாத்தச் சொன்னாரு, சரியான்னு கேட்டா. சரின்னு சொன்னேன்."

"தெரிஞ்சுமா? ஏன் எங்கிட்ட கேக்கல?"

சலேஹா குழாயை மூக்கிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய கன்னத்தில் அது அழுத்திய கோடு இரண்டு பக்கமும் சிவந்து கிடந்தது. "இருவத்திரண்டு வருசமா நீங்க காத்து சரியில்லன்னு சொன்னா ஒருத்தனும் உள்ள எறங்கல. எறங்காதவன் எல்லாம் உசுரோட வீட்டுக்குப் போனான். டாக்டருக்குத் தெரியாத எதையோ நீங்க பாத்துட்டீங்கன்னு நெனச்சேன். அதான் நானும் எறங்கல."

திட்டியிருந்தால் கமாலுதீன் தாங்கியிருப்பார். அவர் அந்தப் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தில் துடைத்தும் போகாத ஒரு பழுப்புக் கறை இருந்தது. அவர் அழுதார். சத்தம் வராமல் அழத் தெரியாததால் சத்தமாகவே அழுதார்.

கொஞ்சம் பொறுத்து அவள் கேட்டாள். "இப்ப சொல்லுங்க. காத்து சரியா?"

"காத்து அன்னிக்கே சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்," என்றார் கமாலுதீன். இந்த வாக்கியத்தை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை. அவர் வேலையில் இதைச் சொல்கிற மாதிரி ஒருநாள் வந்தால், அதற்குள் யாராவது செத்திருப்பார்கள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறந்ததும் வாசலில் நின்றார். டாக்டர் அதிராவிடம் மீட்டர், விசிறி, நோட்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.  அன்று அவசரத்தில் நானும் அரைகுறையாகச் சொல்லிவிட்டேன் என்றாள் அவள். பிறகு ஃபோனை எடுத்து யார் யாரிடமோ பேசி, அடுத்த வியாழக்கிழமைக்கு ஓர் இடம் பிடித்தாள்.

வியாழக்கிழமை காலை, ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே சலேஹா பச்சை அங்கியோடு கட்டிலில் படுத்திருந்தாள். மோதிரம், காதுத் தோடு எல்லாவற்றையும் நர்ஸ் மிஸ்ஸி கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவரிடம் கொடுத்திருந்தாள். கட்டிலைத் தள்ளப் போகும் நேரத்தில் சலேஹா கையை நீட்டி, பிடிங்க என்றாள். உள்ளங்கையில் மடித்து வைத்திருந்த ஒரு சின்ன வெள்ளைத் துணி. விரித்துப் பார்த்தார். சிவப்பு நூலில் 'சலேஹா' என்று தைத்திருந்தது. அவளுக்கென்று அவள் பெயர்த் துணி தைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கதவு மூடியது. கமாலுதீன் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார். நாற்காலிகள் இருந்தன, உட்காரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த மிஸ்ஸி, கீழே கேண்டீன் இருக்கிறது, போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் அங்கிள், இன்னும் நேரமாகும் என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கையில் ஒரு வில்லை இருக்கும்போது அவர் எங்கே போனார், இப்போது போவதற்கு? நின்ற இடத்திலிருந்து யோசித்துப் பார்த்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல எந்த எண்ணும் இல்லை. எத்தனை காட்டினால் நல்லது, எத்தனைக்குக் கீழே போனால் பயப்பட வேண்டும், எதுவும் தெரியவில்லை. வெறுமனே நிற்பது மட்டும்தான் தெரிந்த வேலை. அதைச் செய்தார்.

மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு டாக்டர் அதிரா வெளியே வந்து முகமூடியை இறக்கினாள். சுத்தமாக எடுத்துவிட்டதாகத் தோன்றுகிறது, தோல் ஒட்டியாயிற்று, கால் பிழைத்தது என்றாள். நெறிக்கட்டியை லேபுக்கு அனுப்பியிருக்கிறது. முடிவு வர இரண்டு வாரம் ஆகும்.

கமாலுதீன் கேட்டே விட்டார். நான் தள்ளிப்போட்ட அந்த மூன்று வாரத்தில் அது நடந்து போயிருக்குமா?

"தெரியல, அங்கிள்," என்றாள் டாக்டர். "அதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். அந்த மூணு வாரத்த மட்டும் தனியா பிரிச்சு அளக்க என்கிட்ட மீட்டர் இல்ல."

வார்டில் சலேஹா கண்மூடிப் படுத்திருந்தாள். வலது கால் தலையணைமேல் பெரிய கட்டோடு உயர்ந்து கிடந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டியிருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்தவர்களுக்கு வழக்கமாக வைப்பதுதான் என்று மிஸ்ஸி சொன்னாள். கமாலுதீனுக்கு அந்தக் குழாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டில் பக்கத்தில் மிஷினின் திரையில் தொண்ணூற்றொன்பது என்று பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் சலேஹா கண் திறந்தாள். அவரை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பெயர்த் துணியை எடுத்து அவளிடம் நீட்டினார். இருபத்திரண்டு வருடமாக ஏணி ஏறி வந்த ஒவ்வொருவனிடமும் நீட்டியது போலவே நீட்டினார். 

அவள் வாங்கவில்லை. "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று வறண்ட குரலில் கேட்டாள்.

"கால் நல்லாருக்கு. நெறிக்கட்டி ரிசல்ட் வர ரெண்டு வாரமாம்."

சலேஹா அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் துணியின் மேல் மடக்கிவிட்டாள்.

"அப்ப நான் இன்னும் மேல வரல. நீங்களே வச்சிருங்க," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, எல்லோரும் கிளம்புங்கள் என்று மிஸ்ஸி ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கமாலுதீனிடமும் வந்து சொன்னாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, மூடிய கையோடு, நின்ற இடத்திலேயே நின்றார்.